காலம் கடந்து வந்த பாடகர்: விசென்டே ஃபெர்னாண்டஸின் அரை நூற்றாண்டு

1966 ஏப்ரல் 19 அன்று மெக்சிகோ நகரில் ஹவியேர் சோலிஸ் இறந்தார். பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்த சிக்கல். வயது 34தான். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பெட்ரோ இன்ஃபான்டே மெரிடா நகரில் விமான விபத்தில் பலியாகியிருந்தார். அதற்கும் முன், 1953 டிசம்பரில், ஹோர்ஹே நெக்ரெட்டே லாஸ் ஏஞ்சல்ஸில் மறைந்திருந்தார். இந்த மூவரையும் 'மூன்று மெக்சிகோ சேவல்கள்' என்று சேர்த்தே சொல்வார்கள். மூவரில் ஒருவர்கூடத் தமது 43ஆவது பிறந்தநாளைப் பார்க்கவில்லை. ராஞ்செரா என்னும் மெக்சிகோவின் நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாட்டு மரபு, பதின்மூன்று ஆண்டுகளுக்குள் தன் மூன்று பெரும் குரல்களையும் பறிகொடுத்து நின்றது.

சோலிஸின் இசைத்தட்டுகளை வெளியிட்டுவந்தது சிபிஎஸ் நிறுவனத்தின் மெக்சிகோ கிளை. அதே 1966ஆம் ஆண்டில் அந்த நிறுவனம் 26 வயதுப் பாடகர் ஒருவரை ஒப்பந்தம் செய்தது. உணவகங்களில் மேஜை மேஜையாகப் போய்ப் பாடிப் பிழைத்துக்கொண்டிருந்தவர். இசைத்தட்டு நிறுவனங்களின் வாசலில் நின்று வெறுங்கையோடு திரும்பிப் பழகியவர். பெயர் விசென்டே ஃபெர்னாண்டஸ். பின்னாளில் மெக்சிகோ அவரை 'சென்டே' என்று வீட்டுப் பிள்ளையைப் போல அழைத்தது. அவருடைய ஆரம்பகால ஆல்பம் ஒன்றுக்கு வைத்த பெயரே 'நீங்கள் காத்திருந்த குரல்' என்ற பொருள் தருவது. காலியான இடத்துக்கு ஆள் தேடியவர்கள் அதை மறைக்கவும் முயலவில்லை.

சென்டேயின் குரலைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அந்தக் குரலின் வீச்சுக்கு ஈடு சொல்வது கடினம்தான். ஆனால் அவருடைய ஐம்பது ஆண்டுகளைக் குரலை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது என்பது என் உறுதியான எண்ணம். அவர் ஒரு பொற்காலம் முடிந்த பிறகு வந்தவர். ராஞ்செராவைத் தூக்கிப்பிடித்த மெக்சிகோ சினிமா அப்போது சரிந்துகொண்டிருந்தது. நகரத்து இளைஞர்கள் ராக் இசையின் பக்கம் போய்விட்டார்கள். பாட்டில் வரும் பண்ணை, குதிரை, சோளக்காடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு மக்கள் நகரங்களுக்கும் எல்லைக்கு அப்பாலும் புறப்பட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் வந்த ஒருவர், மக்கள் போன இடத்துக்கெல்லாம் பாட்டைச் சுமந்துகொண்டு பின்னாலேயே போனார். அவருடைய சாதனையின் மையம் இதுதான்.

இதைப் புரிந்துகொள்ள ராஞ்செரா எங்கே, யாருக்காக உருவானது என்று பார்க்க வேண்டும். பெயரிலேயே பண்ணை இருக்கிறது. பக்கவாத்தியமோ மரியாச்சி. வயலின்கள், டிரம்பெட்டுகள், கிட்டார், ஐந்து தந்திகள் கொண்ட சிறிய விஹுவேலா, பானை வயிறு போன்ற பெரிய கிட்டார்ரோன் ஆகியவை சேர்ந்த குழு. ஹலிஸ்கோ மாநிலமும் அதைச் சுற்றிய மேற்கு மெக்சிகோவும் மரியாச்சியின் தாய்வீடு. ஆனால் இன்று நாம் பார்க்கும் மரியாச்சி அப்படியே கிராமத்திலிருந்து இறங்கி வந்ததன்று. கிராமத்துக் குழுக்கள் வெறும் தந்தி வாத்தியங்களோடு, விவசாயிகளின் வெள்ளைப் பருத்தி உடையில்தான் வாசித்தன. 1930இல் மெக்சிகோ நகரில் எக்ஸ்இடபிள்யூ வானொலி தொடங்கியது. 1936இல் வந்த 'அல்லா என் எல் ராஞ்சோ கிராண்டே' திரைப்படம் பண்ணை வாழ்க்கையைப் பாட்டும் காதலுமாகக் காட்டி நாடெங்கும் ஓடியது. டிரம்பெட் குழுவில் நிரந்தர இடம் பிடித்ததும், பண்ணை முதலாளிகளும் குதிரை வீரர்களும் அணியும் வெள்ளிப் பொத்தான் வைத்த சார்ரோ உடை மரியாச்சியின் சீருடையானதும் இந்த வானொலி, சினிமாக் காலத்தில்தான்.

ஆக, ராஞ்செராவுக்கு இன்றுள்ள வடிவம் நகரத்தில் கிடைத்தது. அதைக் கேட்டு உருகியவர்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டு நகரத்துக்கு வந்த கூலித் தொழிலாளர்கள், வீட்டு வேலைக்காரப் பெண்கள், சிறு வியாபாரிகள். திரும்பிப் போக முடியாத ஊரைப் பாட்டில் தேடியவர்கள். தொடக்கத்திலிருந்தே இது ஊரைப் பிரிந்தவர்களின் பாட்டு. சென்டேயும் அப்படி ஊரைப் பிரிந்தவர்களில் ஒருவர்.

1940 பிப்ரவரி 17 அன்று குவாதலஹாரா நகரை ஒட்டிய உவென்டிடான் எல் ஆல்டோ என்ற ஊரில் பிறந்தார். தந்தை ராமோன் மாடு வளர்ப்பவர். தாய் பவுலா சிறுவனைப் பெட்ரோ இன்ஃபான்டே நடித்த படங்களுக்கு அழைத்துப் போவார். பெரியவனானதும் நானும் இவர்களைப் போல ஆவேன் என்று ஆறேழு வயதில் அம்மாவிடம் சொன்னதாக அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். எட்டு வயதில் கையில் கிட்டார். பதினான்கு வயதில் குவாதலஹாராவில் ஒரு புதுமுகப் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு. அதற்குள் குடும்பத்தின் நிலைமை கெட்டது. எல்லையோரத் திஹுவானாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே அவர் கொத்தனார் வேலை பார்த்தார், தச்சுவேலை செய்தார், வர்ணம் அடித்தார், உணவகத்தில் பாத்திரம் கழுவினார், பரிமாறினார், கல்லாவில் உட்கார்ந்தார். 1960 வாக்கில் குவாதலஹாராவுக்குத் திரும்பி, உள்ளூர்த் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தலைகாட்டி, மரியாச்சி குழுக்கள் வாடிக்கையாளருக்காகக் காத்து நிற்கும் சதுக்கத்தில் தானும் நின்றார்.

1963இல் மரியா டெல் ரெஃபுஹியோ அபார்காவை மணந்தார். குக்கிட்டா என்று நாடே அறிந்த அந்தப் பெண் கடைசிவரை உடன் இருந்தார். அதே ஆண்டு தாய் பவுலா புற்றுநோயால் இறந்தார். மகன் திரையில் தோன்றியதையும், அரங்கம் அதிரப் பாடியதையும் அவர் பார்க்கவில்லை. தலைநகருக்குப் போய் எல் அமானெசெர் தபாத்தியோ என்ற உணவகத்தில் பாடத் தொடங்கியபோது சென்டேயின் தோளில் குடும்பப் பாரமும் இருந்தது. பிற்காலத்தில் மேடையில் அவர் காட்டிய, நின்று நின்று உழைக்கும் அந்தப் பிடிவாதத்தை இந்த ஆண்டுகளோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். காசு கொடுத்தவர் போதும் என்று சொல்லும்வரை பாட வேண்டும் என்பதே உணவகப் பாடகனின் முதல் பாடம்.

சிபிஎஸ்ஸின் ஆரம்ப இசைத்தட்டுகள் ஓரளவு ஓடின. அவற்றில் சோலிஸின் சாயல் தெரியும். மெதுவான பொலேரோ காதல் பாட்டை மரியாச்சியோடு இணைத்துப் பாடும் முறையைச் சோலிஸ் உச்சத்துக்குக் கொண்டுபோயிருந்தார். நிறுவனமும் அதைத்தான் எதிர்பார்த்தது. சென்டே தன் சொந்தக் குரலோடு நின்றது 1972இல், ஃபெர்னாண்டோ செட்டா மால்டொனாடோ எழுதிய 'வோல்வெர், வோல்வெர்' என்ற பாட்டில்.

இந்தப் பாட்டைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். பிரிந்துபோன காதலியிடம் திரும்பத் துடிக்கும் ஒருவனின் பாட்டு. தொடக்கம் ஏறக்குறைய பேச்சு மாதிரி. குரலை அடக்கி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறார். பிரிந்து வெகுகாலமாகிவிட்டது, தோற்க வேண்டிய நேரம் எனக்கு வந்துவிட்டது, நீ சொன்னதே சரி என்று ஒப்புக்கொள்கிறான் நாயகன். இந்த இடம்வரை தாளம் நகர்வதே தெரியாது. பிறகு திரும்ப வேண்டும், திரும்ப வேண்டும் என்ற பல்லவி வரும்போது அடக்கிவைத்த குரல் முழுக்கத் திறந்துகொள்கிறது. அந்த ஒற்றைச் சொல்லை நீட்டி, உடையும் தறுவாய்வரை கொண்டுபோய், உடையாமல் நிறுத்துகிறார். பல்லவியின் முடிவில் எனக்குத் தோற்கத் தெரியும் என்று ஒரு வரி. வீறாப்பான ஆண்களின் இசை என்று பெயர் வாங்கிய ஒரு மரபின் மிகப் பெரிய வெற்றிப் பாட்டில், நாயகன் பெருமையாகச் சொல்லிக்கொள்வது தோற்கத் தெரிந்ததை.

எல்லை தாண்டி வேலைக்குப் போனவர்கள் இதைக் காதல் பாட்டாக மட்டும் கேட்கவில்லை. திராட்சைத் தோட்டத்திலோ இறைச்சி ஆலையிலோ வேலை முடித்துவிட்டு வந்து அமரும் ஒருவனுக்கு, திரும்ப வேண்டும் என்ற பல்லவி ஊரைப் பற்றியதாகத்தான் ஒலிக்கும். எழுதியவர் அப்படி நினைத்திருக்க வேண்டியதில்லை. பாட்டு போய்ச் சேர்ந்த இடத்தில் அதற்கு அந்தப் பொருள் வந்து ஒட்டிக்கொண்டது.

அடுத்த ஆண்டு, 1973 நவம்பரில், ராஞ்செராவின் மாபெரும் பாடலாசிரியர் ஹோசே அல்ஃப்ரெடோ ஹிமெனெஸும் மறைந்தார். அவருடைய 'எல் ரெய்' பாட்டைச் சென்டே பாடிப் பாடித் தன்னுடையதாக்கிக்கொண்டார். பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நினைத்ததைச் செய்வேன், சிம்மாசனமும் இல்லை, அரசியும் இல்லை, ஆனாலும் நான் ராஜாதான் என்று சொல்லும் பாட்டு அது. ராஞ்செராவின் ராஜா என்ற பட்டம் சென்டேயின் பெயரோடு ஒட்டிக்கொண்டதற்கு இந்தப் பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

அவர் பாட்டு எழுதுபவராகப் பெயர் பெற்றவர் இல்லை. நல்ல பாட்டை அடையாளம் காண்பவர். அந்தக் காது அவருக்கு அபாரம். ஃபெர்ருஸ்கில்லா என்று அறியப்பட்ட ஹோசே ஆன்ஹெல் எஸ்பினோசா எழுதிய 'லா லெய் டெல் மோன்டே' ஒரு நல்ல உதாரணம். ஹலிஸ்கோவின் வயல்களில் எங்கும் நிற்பது மாகே என்னும் கற்றாழை இனச் செடி. அதன் தடித்த மடலில் காதலன் தன் பெயரையும் அவள் பெயரையும் பின்னிச் செதுக்குகிறான். காதல் கசந்த பிறகு அவள் வந்து அந்த மடலையே வெட்டி எறிகிறாள். கடைசியில் அவன் ஓர் அதிசயத்தைச் சொல்கிறான்: அந்தச் செடியில் புதிதாகத் துளிர்த்த மடல்களிலும் நம் பெயர்கள் பதிந்தே வருகின்றன. மூன்று நிமிடத்துக்குள் ஒரு நாட்டார் கதை. சென்டே இதை எந்த மிகையுமின்றி, நடந்ததைச் சாட்சி சொல்பவரைப் போலப் பாடுவார். நம்ப முடியாததைச் சொல்லும்போது குரலை உயர்த்தாமல் விடுவதுதான் அதில் உள்ள கலை.

இன்னொன்று, 1990களின் தொடக்கத்தில் வந்த மார்ட்டின் உரியேட்டாவின் 'அக்கா என்ட்ரே நோஸ்'. நண்பர்களிடம் வீராப்பாக, காதல் துயரம் எதுவும் என்னை அசைக்காது என்று சொல்லித் திரிந்த ஒருவன், நமக்குள்ளே இருக்கட்டும் என்று அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறான். உன்னை இன்னும் மறக்கவில்லை என்கிறான். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று வளர்க்கப்பட்ட ஒரு சமூகத்தில், அழுவதற்கு அனுமதி கிடைத்த ஓர் இடமாக ராஞ்செரா இருந்தது. சென்டே தழுதழுத்த குரலில் பாடும்போது, இடுப்பில் துப்பாக்கி செருகிய சார்ரோவே அழுகிறார் என்றால் நாமும் அழலாம் என்று அரங்கத்தில் இருந்த ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். அவருடைய ரசிகர்களில் பாதி இந்தக் காரணத்தால் வந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சினிமா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1971 முதல் 1991 வரை சுமார் முப்பது படங்களில் நடித்தார். குதிரை, கான்டினா என்னும் சாராயக்கடை, சண்டை, பாட்டு என்று ஒரே வார்ப்பில் வந்தவையே அதிகம். இன்ஃபான்டேயின் படங்களில் இருந்த நுட்பத்தை இவற்றில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனாலும் சிறு நகரத் திரையரங்குகளுக்கும், அமெரிக்காவில் ஸ்பானிய மொழிப் படம் ஓட்டும் கொட்டகைகளுக்கும் அவர் முகத்தைக் கொண்டுபோனவை இவைதான். 1991க்குப் பிறகு அவர் நடிக்கவில்லை.

அவருடைய உண்மையான களம் மேடை. ஊர்த் திருவிழாக்களில் சேவல் சண்டைக்கென அமைத்த வட்ட அரங்குக்குப் பலென்கே என்று பெயர். சண்டைகள் முடிந்ததும் அதே மண்ணில் பாடகர் இறங்குவார். நாலாபுறமும் கூட்டம், கையெட்டும் தூரத்தில் முகங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவருக்கு முதுகைக் காட்டியாக வேண்டும். ஓயாமல் சுற்றிவந்து, பாட்டின் நடுவே கொடுத்த கோப்பையை வாங்கிக் குடித்து, கேட்ட பாட்டையெல்லாம் பாடத் தெரிந்தவன்தான் அங்கே தாக்குப்பிடிப்பான். சென்டே பெரிய அரங்குகளிலும் அதே முறையைத்தான் கையாண்டார். ஒலிவாங்கியை இடுப்பளவு தாழ்த்திவிட்டு வெறும் குரலில் ஒரு வரியைப் பாடி, கடைசி வரிசைவரை கேட்கச் செய்வார். அதைப் பார்க்கவென்றே மக்கள் காத்திருப்பார்கள். நீங்கள் கைதட்டுவதை நிறுத்தாதவரை உங்கள் சென்டே பாடுவதை நிறுத்த மாட்டான் என்று ஒவ்வொரு கச்சேரியிலும் சொல்வார். சொன்னபடியே மூன்று மணி நேரத்துக்கு மேலும் போகும். 1984 செப்டம்பரில் தலைநகரின் காளைச்சண்டை அரங்கமான பிளாசா மெக்சிகோவில் அவர் பாடியபோது வந்தவர்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல்.

இதே வேளையில் எல்லைக்கு வடக்கே நடந்ததையும் எண்களில் பார்க்க வேண்டும். 1970இல் அமெரிக்காவில் வாழ்ந்த, மெக்சிகோவில் பிறந்தவர்களின் தொகை சுமார் 7.6 லட்சம். 1980இல் 22 லட்சம், 1990இல் 43 லட்சம், 2000இல் 92 லட்சம். சென்டேயின் புகழ் வளர்ந்த முப்பது ஆண்டுகளும் இந்தப் பெருக்கம் நிகழ்ந்த முப்பது ஆண்டுகளும் ஒன்றே. லாஸ் ஏஞ்சல்ஸ் பிராட்வே தெருவில் உள்ள மில்லியன் டாலர் தியேட்டரில், மெக்சிகோ நட்சத்திரங்களைப் பார்க்க வரிசை கட்டி நின்ற குடும்பங்களுக்கு முன் அவர் பாடினார். கூட்டம் பெருகப் பெருகப் பெரிய விளையாட்டு அரங்குகளுக்கு நகர்ந்தார். சிகாகோவின் லிட்டில் வில்லேஜ் பகுதியில் 26ஆம் தெருவின் ஒரு பகுதிக்கு 2012இல் அவர் பெயரைக் கௌரவப் பெயராகச் சூட்டினார்கள். மெக்சிகோவிலிருந்து அத்தனை தொலைவில், குளிர் வாட்டும் ஒரு நகரத்தில்.

அமெரிக்க இசைச் சந்தை இந்த ரசிகர்களைக் கண்டுகொண்டபோது 'ரீஜனல் மெக்சிகன்' என்று ஒரு பெட்டியை உருவாக்கியது. மரியாச்சியோடு பாடும் ராஞ்செரா, அக்கார்டியன் முழங்கும் வடக்கத்திய நோர்டெனோ, சினலோவா மாநிலத்தின் பித்தளை வாத்திய பாண்டா என்று ஒன்றுக்கொன்று தொலைவான பல வகைகளை அதற்குள் போட்டார்கள். ஒரு மெக்சிகோக்காரருக்கு இவை வெவ்வேறு ஊர்கள், வெவ்வேறு வகுப்புகள், வெவ்வேறு நடனங்கள். அமெரிக்க வானொலி நிலையத்துக்கோ இவை ஒரே வகை வாடிக்கையாளர். இந்தப் பெட்டியால் சென்டே நஷ்டப்படவில்லை. ஆனால் அவரை ஒரு வட்டாரப் பாடகர் என்று சுருக்கிப் பார்க்கும் பழக்கம் அதிலிருந்துதான் வந்தது. ஐந்து கோடிக்கும் மேல் ஆல்பங்கள் விற்றவர் என்று பொதுவாகச் சொல்லப்படும் ஒருவருக்கு அது பொருந்தாத சட்டை.

அமெரிக்க அரசியல்வாதிகள் அந்தக் கூட்டத்தின் பலத்தை விரைவிலேயே உணர்ந்தார்கள். 2000இல் பிலடெல்பியாவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் அவர் பாடினார். 2016இல் ஹிலாரி கிளின்டனை ஆதரித்து கொரிடோ என்னும் கதைப்பாடல் ஒன்றை வெளியிட்டார். இரண்டு கட்சிகளுக்கும் தேவைப்பட்டது அந்தக் குரலுக்குப் பின்னால் நின்ற வாக்காளர்கள்.

1998ஆம் ஆண்டைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமை பெறாது. ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் நட்சத்திரம் பதித்த ஆண்டு அது. அதே ஆண்டு மூத்த மகன் விசென்டே ஜூனியரை ஆள்கடத்தல் கும்பல் ஒன்று கடத்தியது. நான்கு மாதம் அடைத்து வைத்தார்கள். கையின் இரண்டு விரல்களை வெட்டினார்கள். பெரும்பணம் கைமாறிய பிறகே மகன் வீடு திரும்பினார். அந்த நான்கு மாதமும் தந்தை கச்சேரிகளை ரத்து செய்யாமல் பாடிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு எதுவும் தெரியாது. துயரப் பாட்டுகளைத் துயரத்தோடு பாடுவதற்காகவே புகழப்பட்ட ஒருவர், தன் சொந்தத் துயரத்தைப் பற்றி வாய் திறக்காமல் மேடையேறினார். இதை வீரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய மெக்சிகோவில் பணமும் பெயரும் உள்ள குடும்பங்கள் எந்தப் பயத்தில் வாழ்ந்தன என்பதைத்தான் அது காட்டுகிறது.

2007இல், 67 வயதில், பலருக்கு ஓய்வுக் காலமாகிவிட்ட பருவத்தில், அவருக்கு இன்னொரு அலை வந்தது. பாடகரும் பாடலாசிரியருமான ஜோவான் செபாஸ்டியன் எழுதித் தயாரித்த 'பாரா சியெம்ப்ரே' ஆல்பம் அது. 'எஸ்டோஸ் செலோஸ்' என்ற பாட்டு எங்கும் ஒலித்தது. ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு ஒரு தொலைக்காட்சித் தொடரின் முகப்பில் ஒலித்து, அவரைத் தாத்தாவின் பாடகராக மட்டும் அறிந்திருந்த தலைமுறையிடம் கொண்டுசேர்த்தது. செபாஸ்டியன் செய்த கெட்டிக்காரத்தனம், மரியாச்சியின் கனத்தைக் குறைத்து, முதிர்ந்த குரலுக்கு மூச்சு விட இடம் கொடுத்ததில் இருக்கிறது. 2009 காதலர் தினத்தன்று தலைநகரின் சோகலோ சதுக்கத்தில் இலவசமாகப் பாடியபோது சுமார் 2,20,000 பேர் திரண்டார்கள்.

உடம்பு அதற்குள் பல முறை எச்சரித்திருந்தது. 2002இல் புரோஸ்டேட் புற்றுநோய். 2012இல் கல்லீரல் கட்டிக்கு அறுவை சிகிச்சை. 2013இல் நுரையீரலில் இரத்தக்கட்டு. சில காலம் குரலே போயிற்று. 2012 பிப்ரவரியில் ஓய்வை அறிவித்துவிட்டு, விடைபெறும் பயணத்தையே நான்கு ஆண்டுகளுக்கு இழுத்தார். 2016 ஏப்ரல் 16 அன்று அஸ்டெக்கா விளையாட்டரங்கில் சுமார் 85,000 பேர் முன் கடைசிக் கச்சேரி. நான்கு மணி நேரத்துக்கும் மேல் பாடினார். அந்த ஒலிப்பதிவுக்கு அடுத்த ஆண்டு கிராமி விருது கிடைத்தது. 76 வயதில் அந்தக் குரலில் நடுக்கம் இருக்கிறது, சில உச்சங்களைத் தவிர்த்துப் போகிறார், சில வரிகளைக் கூட்டத்திடம் விட்டுவிடுகிறார். இருந்தும் ஸ்டுடியோவில் பதிந்த பல ஆல்பங்களைவிட எனக்கு அது நெருக்கமானது. ஐம்பது ஆண்டு உழைப்பு அதில் காதுக்குக் கேட்கிறது.

அவரைக் கொண்டாடுபவர்கள் ஒதுக்கிவிட்டுப் போகும் ஒரு பக்கத்தையும் பேசித்தான் ஆக வேண்டும். 2019இல் ஒரு பேட்டியில், கல்லீரல் மாற்று சிகிச்சையைத் தாம் ஏற்காததற்கு, உறுப்பு கொடுத்தவர் ஓரினச் சேர்க்கையாளரா, போதைக்கு அடிமையானவரா என்று தெரியாதே என்பதைக் காரணமாகச் சொன்னார். கடும் கண்டனம் எழுந்தது. 2021 தொடக்கத்தில், புகைப்படத்துக்கு நின்ற ரசிகை ஒருவரின் மார்பில் அவர் கை வைத்திருக்கும் காணொளி பரவியது. மன்னிப்புக் கேட்டார். இவற்றை முதுமையின் தடுமாற்றம் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. சார்ரோ என்ற பிம்பத்துக்குள்ளேயே பெண்ணை உடைமையாகவும், வேறுபட்ட ஆணை இழிவாகவும் பார்க்கும் பார்வை இருந்தது. அவர் பாடிய பாட்டுகளில் பொறாமையும் மிரட்டலும் காதலின் அடையாளமாக வந்துபோகின்றன. அழத் தெரிந்த ஆணைப் பாட்டில் காட்டியவர், பாட்டுக்கு வெளியே தன் தலைமுறையின் வேலிகளைத் தாண்டவில்லை. அவர் பாட்டை நேசிப்பவர்களுக்கு இது வலிக்கத்தான் செய்யும். எனக்கும் வலிக்கிறது.

2021 ஆகஸ்ட்டில் குவாதலஹாராவுக்கு அருகே உள்ள தமது லோஸ் ட்ரெஸ் போட்ரியோஸ் பண்ணையில் கீழே விழுந்து கழுத்து எலும்பில் அடிபட்டது. மருத்துவமனையில் கில்லன் பாரே நரம்பு நோயும் கண்டறியப்பட்டது. நான்கு மாதப் போராட்டத்துக்குப் பிறகு டிசம்பர் 12 அன்று, 81 வயதில் காலமானார். மெக்சிகோ முழுவதும் குவாதலுப்பே அன்னையின் திருநாளைக் கொண்டாடும் நாள் அது. பண்ணையை ஒட்டி அவரே கட்டிய அரங்கத்தில் உடலை வைத்தார்கள். பெட்டியின் மேல் அவருடைய சார்ரோ தொப்பி. இரவு முழுக்க மக்கள் வரிசையில் வந்து பார்த்தார்கள். பண்ணையிலேயே அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு, 'அ மிஸ் 80ஸ்' ஆல்பத்துக்கு அவருடைய நான்காவது கிராமி, மறைவுக்குப் பின் வந்தது.

அவருக்குப் பிறகு யார் என்ற கேள்வி அவர் உயிரோடு இருந்தபோதே எழுந்தது. மகன் அலெஹாண்ட்ரோ சிறுவனாக மேடையேறி, பாட்டு வரி மறந்து அழுதவர். வளர்ந்ததும் தந்தையின் ராஞ்செராவைக் கையில் எடுத்து, 1997இல் எமிலியோ எஸ்டெஃபான் தயாரித்த ஆல்பத்தோடு பாப் இசைக்குத் தாவி, இரண்டிலும் நிலைத்தார். பேரன் அலெக்ஸும் சார்ரோ உடையில்தான் பாடுகிறார். குடும்பத்துக்கு வெளியே கிறிஸ்டியன் நோடால் மரியாச்சியோடு அக்கார்டியனைச் சேர்த்து வேறொரு பாதை போட்டார்.

சந்தையின் காற்றோ வேறு திசையில் அடிக்கிறது. 2023இல் எஸ்லபோன் அர்மாடோ குழுவும் பேசோ புளூமாவும் சேர்ந்து வெளியிட்ட 'எல்லா பைலா சோலா' அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. ரீஜனல் மெக்சிகன் என்ற பெட்டியிலிருந்து ஒரு பாட்டு அந்தப் பட்டியலின் முதல் ஐந்துக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை. சென்டேயின் ஐம்பது ஆண்டுகளில் அவருடைய பாட்டு எதுவும் அங்கே போனதில்லை. இந்த இளைஞர்கள் சார்ரோ உடையைக் கழற்றிவிட்டார்கள். தொப்பியும் குளிர்கண்ணாடியும் போட்டு, ராப் பாடகர்களைப் போல நிற்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு தந்திக் கிட்டாரும் பித்தளை வாத்தியங்களும் அப்படியே இருக்கின்றன. ஸ்பானிய மொழி இருக்கிறது. ஆங்கிலத்துக்கு மாறாமலே அமெரிக்க அரங்குகளை நிரப்ப முடியும் என்ற நம்பிக்கையும் அவர்களிடம் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக, அவர்கள் பிறப்பதற்கு முன்பே அதே அரங்குகளில் மூன்று மணி நேரம் நின்று பாடிய ஒருவர் இருந்தார்.